இரவல் செயலிகள்

விழுப்புரத்தில் தொடங்கி கடலூர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம், சீர்காழி வழியாக மயிலாடுதுறை போகும் ரயில் பாதை 2010-ல்தான் அகலப் பாதையாகத் திறந்தது. அதற்கு முன் நூறாண்டுக்கும் மேலாக அது மீட்டர் கேஜ். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 1,000 மில்லிமீட்டர் இடைவெளி. அகலப் பாதையில் அது 1,676 மில்லிமீட்டர். பாதையை மாற்றுவதற்காகச் சில ஆண்டுகள் வண்டியே ஓடவில்லை. அப்போது பேருந்தே கதியென்று இருந்ததை இந்தப் பக்கத்தில் நாற்பது வயதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மீட்டர் கேஜ் வண்டி தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. ஆனால் அகலப் பாதைப் பெட்டி ஒன்று அந்தத் தண்டவாளத்தில் ஓர் அடிகூட நகர முடியாது. இரண்டு அகலமும் சந்திக்கும் நிலையங்களில் பயணி மூட்டையோடு இறங்கி வண்டி மாறினார். சரக்கை ஒரு வேகனிலிருந்து இன்னொரு வேகனுக்கு ஆள் வைத்து மாற்றினார்கள். நாடெங்கும் அகலப் பாதை பரவப் பரவ, ஒதுங்கி நின்ற சிறுபாதையின் மதிப்பு அதன் குற்றம் எதுவும் இல்லாமலே குறைந்துகொண்டு வந்தது. நாடு முழுவதும் ஒரே அகலம் என்ற திட்டத்தை இந்திய ரயில்வே 1992-ல் கையில் எடுத்ததற்கு இதுதான் காரணம்.

கைபேசி இயங்குதளங்களின் கதையும் இதேதான். இந்தியாவில் இன்று விற்கும் ஸ்மார்ட்போன்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் ஆண்ட்ராய்டு. மிச்சம் ஏறக்குறைய முழுவதும் ஐபோன். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இப்படி இல்லை. சிம்பியன், பிளாக்பெரி, விண்டோஸ் போன், பிறகு ஃபயர்ஃபாக்ஸ், டைசன், செயில்ஃபிஷ் என்று எத்தனையோ தளங்கள் நம் ஊர்க் கடைகளிலும் இணையக் கடைகளிலும் விற்றன. அவற்றில் பல நல்ல தளங்கள். தொய்ந்துபோனவற்றில் பலவும் கடைசியில் ஒரே யோசனைக்கு வந்து சேர்ந்தன: எதிராளியின் செயலிகளையே நம் தளத்தில் ஓடவிட்டால் என்ன? அப்படி இரவல் வாங்கிய செயலி ஒரு தளத்தைக் காப்பாற்றுமா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

ஏலத்துக்கு ஆள் வேண்டும்

கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில் படகு கரைசேர்ந்ததும் ஏலம் தொடங்கிவிடும். வாங்குவதற்கு வியாபாரிகள் இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் படகுகள் அங்கே வருகின்றன. படகுகள் வரும் என்ற நம்பிக்கையில் வியாபாரிகள் வருகிறார்கள். இரண்டு பக்கத்தில் எது குறைந்தாலும் மறுபக்கமும் மெல்லக் கலைந்து வேறு துறைக்குப் போய்விடும். பக்கத்திலேயே புதிதாக ஒரு துறைமுகத்தை, இதைவிட நல்ல வசதியோடு கட்டினாலும், முதல் நாள் காலையில் அங்கே படகும் இருக்காது, வியாபாரியும் இருக்க மாட்டார்.

இயங்குதளம் இப்படிப்பட்ட இருபக்கச் சந்தை. ஒரு பக்கம் போன் வாங்குபவர். மறுபக்கம் செயலி எழுதும் நிரலாளர். பொருளியலாளர்கள் இதை வலைப்பின்னல் விளைவு என்கிறார்கள். ஆள் சேரச் சேர, ஏற்கெனவே இருப்பவருக்கும் பொருளின் பயன் கூடும்.

சிதம்பரத்தில் கணினி படிக்கும் ஒரு மாணவி, ஊர்ப் பேருந்து நேரங்களைக் காட்டும் செயலி ஒன்றை எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். முதலில் ஆண்ட்ராய்டுக்கு எழுதுவாள். அவளைச் சுற்றியுள்ளவர்கள் கையில் இருப்பது அதுதான். இரண்டாவதாக ஒரு சிறிய தளத்துக்கும் எழுத வேண்டுமானால் செலவு ஒரு தடவையோடு முடியாது. நேர அட்டவணை மாறும்போதெல்லாம் இரண்டு இடத்தில் திருத்த வேண்டும். இரண்டு வகைப் போன்களில் சோதிக்க வேண்டும். இரண்டு கடைகளின் விதிகளையும் படிக்க வேண்டும். நூறு பேருக்காக அவள் அந்தப் பாடு படமாட்டாள். அவள் எழுதாததால் அந்த நூறு பேரும் அடுத்த போனை ஆண்ட்ராய்டாக வாங்குவார்கள். சிறிய தளம் மாட்டிக்கொள்ளும் சுழல் இதுதான்.

பெயர்த்து நடுவது எப்படி?

ஒரு செயலியால் தானாக எதையும் செய்ய முடியாது. திரையில் ஒரு கோடு போட வேண்டுமா, கேமராவைத் திறக்க வேண்டுமா, இடம் எது என்று அறிய வேண்டுமா, ஒவ்வொன்றையும் அது இயங்குதளத்திடம் கேட்டுத்தான் பெறுகிறது. எப்படிக் கேட்க வேண்டும், என்ன பதில் வரும் என்ற உடன்பாட்டைத்தான் நிரலாளர்கள் ஏபிஐ என்கிறார்கள். ஆண்ட்ராய்டு செயலி ஆண்ட்ராய்டு உடன்பாட்டின்படி கேட்கும். வேறு தளத்துக்கு அந்தக் கேள்வியே புரியாது. 1,676 மில்லிமீட்டர் சக்கரம் 1,000 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் உட்காராத கதைதான்.

தமிழிலேயே இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. 'கொ' என்ற எழுத்தை நினைவகத்தில் க, அதன்பின் ஒகரக் குறி என்ற வரிசையில்தான் கணினி வைத்திருக்கும். திரையில் காட்டும்போது அந்தக் குறியை இரண்டாகப் பிளந்து, கொம்பைக் ககரத்துக்கு முன்னாலும் காலைப் பின்னாலும் போட வேண்டும். இந்த வேலையைச் செயலி செய்வதில்லை, தளம் செய்கிறது. அது தெரியாத தளத்தில் மிக நன்றாக எழுதிய தமிழ்ச் செயலிகூட உடைந்த எழுத்துகளைத்தான் காட்டும். செயலிக்கு அடியில் தளம் எவ்வளவு வேலை செய்கிறது என்பது அது செய்யத் தவறும்போதுதான் கண்ணில் படுகிறது.

எதிராளியின் செயலியைக் கொண்டுவருவதற்கு மூன்று வழிகள் உண்டு. ரயிலை வைத்தே மூன்றையும் புரிந்துகொள்ளலாம்.

முதல் வழி, சிறுபாதைக்கென்று புதிய பெட்டியையே கட்டுவது: செயலியை அந்தத் தளத்துக்காகத் திரும்ப எழுதுவது. மிக நன்றாக ஓடும். மிக அதிகம் செலவாகும்.

இரண்டாவது வழி, பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு அடியிலுள்ள சக்கரத் தொகுதியை மட்டும் மாற்றுவது. செயலியின் மூலநிரலில் பெரும்பகுதி அப்படியே இருக்கும். அது பழைய தளத்திடம் கேட்கும் கேள்விகளைப் புதிய தளத்துக்குப் புரியவைக்கும் நூலகங்களைச் சேர்த்து மறுபடி தொகுப்பார்கள். நிரலாளரின் ஒத்துழைப்பு இதற்கும் வேண்டும்.

மூன்றாவது வழி, ஏற்கெனவே உள்ள பாதையில் மூன்றாவது தண்டவாளம் ஒன்றைப் போடுவது. இரண்டு அகல வண்டியும் ஒரே பாதையில் ஓடும்படி அப்படிப் போட்ட இடங்கள் உலகில் உண்டு. கைபேசியில் இதற்கு மொழிபெயர்ப்பு அடுக்கு என்று பெயர் வைக்கலாம். ஆண்ட்ராய்டு செயலி தான் ஆண்ட்ராய்டில் ஓடுவதாகவே நினைத்துக் கேள்வி கேட்கும். அடுக்கு அதைத் தன் தளத்தின் மொழிக்கு மாற்றி, பதிலைத் திரும்ப மாற்றித் தரும். செயலியில் ஒரு வரியைக்கூடத் தொட வேண்டாம். நிரலாளரைக் கெஞ்சவும் வேண்டாம். தொய்ந்த தளங்களுக்கு இந்த மூன்றாவது வழியின் மேல்தான் ஆசை அதிகம்.

இதில் மறைந்திருக்கும் சிக்கல் ஒன்று உண்டு. ஆண்ட்ராய்டின் அடித்தளம் திறமூல நிரல், யாரும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வரைபடம் காட்டுவது, செய்தி வந்ததும் போனைத் தட்டி எழுப்புவது, கூகுள் கணக்கில் நுழைவது, செயலிக்குள் பணம் கட்டுவது போன்ற பல வேலைகளுக்குச் செயலிகள் கூகுள் பிளே சர்வீசஸ் என்ற தனித் தொகுப்பை நம்புகின்றன. அது திறமூலம் இல்லை. கூகுளின் உரிமம் பெற்ற கருவிகளுக்கு உரியது. மூன்றாவது தண்டவாளத்தைப் போட்டுவிட்டாலும் சிக்னல் கம்பம் எதிராளியின் கையில்தான் இருக்கிறது.

பிளாக்பெரியின் பந்தயம்

இந்த மூன்றாவது வழியை முழுமனதோடு முயன்றது பிளாக்பெரி. 2012 பிப்ரவரியில் தன் பிளேபுக் கைக்கணினிக்கு ஆண்ட்ராய்டு செயலிகளை ஓட்டும் வசதியைத் தந்தது. 2013 ஜனவரியில் பிளாக்பெரி 10 என்ற புதிய இயங்குதளத்தை வெளியிட்டது. கடையில் சரக்கு நிறைந்திருக்க வேண்டும் என்பதற்காக, வெளியீட்டுக்குச் சில நாள் முன்பு, செயலியைப் பெயர்த்துத் தருபவர்களுக்கு ஒவ்வொரு செயலிக்கும் 100 டாலர் என்று அறிவித்து ஒரு வாரக்கடைசி முழுக்கப் போட்டி நடத்தியது. இரண்டு நாளுக்குள் ஏறக்குறைய 15,000 செயலிகள் வந்து குவிந்தன.

எண்ணிக்கை கூடியது. ஆனால் மக்கள் தினமும் திறக்கும் செயலிகள் அந்தக் குவியலில் இல்லை. அதே ஆண்டு ஆகஸ்டில், பிளாக்பெரி கடையிலிருந்த ஏறக்குறைய 1,20,000 செயலிகளில் 47,000-க்கும் மேற்பட்டவை ஒரே நிறுவனம் போட்டவை என்று தெரியவந்தது. கடையின் அலமாரி நிறைந்திருந்தது. ஆனால் வாடிக்கையாளர் தேடி வந்த பொருள் அதில் கிடைக்கவில்லை.

இரண்டாவது சிக்கல் காலம். பிளாக்பெரி 10 வெளிவந்தபோது அதன் உள்ளே இருந்த அடுக்குக்குப் புரிந்தது ஆண்ட்ராய்டு 2.3-ன் மொழி. அந்த நேரம் ஆண்ட்ராய்டு 4.2-க்குப் போய்விட்டது. பிளாக்பெரி துரத்திப் பிடித்து 4.3-ஐ எட்டியபோது கூகுள் இன்னும் ஒரு படி முன்னே இருந்தது. மொழிபெயர்ப்பவர் எவ்வளவு வேகமாக எழுதினாலும், மூலநூலின் ஆசிரியர் தினமும் திருத்திக்கொண்டே இருந்தால் மொழிபெயர்ப்பு என்றைக்கும் பழைய பதிப்பாகவே இருக்கும்.

மூன்றாவது சிக்கல்தான் ஆழமானது. ஆண்ட்ராய்டு செயலி பிளாக்பெரியிலும் ஓடும் என்று தெரிந்தபின், பிளாக்பெரிக்கென்று தனியாகச் செயலி எழுத நிரலாளருக்கு என்ன காரணம் இருக்கிறது? 2014-ல் அமேசானின் ஆண்ட்ராய்டுக் கடையையே பிளாக்பெரி தன் போன்களில் சேர்த்தது. அதற்குள் வாங்குபவர்களும் யோசிக்கத் தொடங்கிவிட்டார்கள்: ஓடுவது ஆண்ட்ராய்டு செயலி என்றால், அது நன்றாக ஓடும் ஆண்ட்ராய்டு போனையே வாங்கிவிடலாமே. 2015 நவம்பரில் பிளாக்பெரியே ஆண்ட்ராய்டு போன் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியலாமா என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். பிளாக்பெரிக்கு நேர்ந்தது அதுதான்.

பழைய பாடம்

இது கைபேசிக் காலத்தில் புதிதாக வந்த நோயும் இல்லை. 1990-களின் தொடக்கத்தில் ஐபிஎம் தன் ஓஎஸ்/2 இயங்குதளத்தை விற்றபோது, விண்டோஸ் செயலிகளை விண்டோஸைவிட நன்றாக ஓட்டும் தளம் என்றே விளம்பரம் செய்தது. அது பெரிய பொய்யும் இல்லை. ஒரு செயலி விழுந்தால் மற்றவை விழாமல் தாங்கும் உறுதி ஓஎஸ்/2-ல் இருந்தது. ஆனால் மென்பொருள் நிறுவனங்கள் எளிய கணக்கு ஒன்றைப் போட்டன. விண்டோஸுக்கு எழுதினால் இரண்டு இடத்திலும் விற்கலாம். ஓஎஸ்/2-க்கு எழுதினால் ஓரிடத்தில் மட்டும். 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வந்து செயலிகள் புதிய உடன்பாட்டுக்கு மாறியதும், ஓஎஸ்/2-ஆல் அந்தப் புதிய செயலிகளை ஓட்ட முடியவில்லை. அதற்கென்று சொந்தச் செயலிகளும் போதிய அளவு இல்லை.

அன்று வென்ற மைக்ரோசாஃப்ட், இருபது ஆண்டு கழித்து அதே இக்கட்டில் நின்றது. 2015 ஏப்ரலில் விண்டோஸ் போனுக்காக இரண்டு பாலங்களை அறிவித்தது. ஒன்று ஆண்ட்ராய்டு செயலிகளை ஓட்டும் அஸ்டோரியா திட்டம். மற்றது ஐபோன் செயலிகளின் மூலநிரலை மறுபடி தொகுக்க உதவும் ஐலண்ட்வுட் திட்டம். முதலாவது மூன்றாம் தண்டவாளம். இரண்டாவது சக்கர மாற்றம். 2016 பிப்ரவரியில் அஸ்டோரியாவை மைக்ரோசாஃப்டே கைவிட்டது. ஐலண்ட்வுட் ஓர் அளவுக்குப் பயன்பட்டும் தளத்தை நிமிர்த்தவில்லை. 2019 டிசம்பர் 31-ஆம் தேதியோடு விண்டோஸ் போன்களில் வாட்ஸ்அப் நின்றுபோனது. லூமியா போன்கள் நம் ஊரில் ஏராளமாக விற்றவை. ஒரு நாள் காலை எழுந்து பார்க்கையில் குடும்பக் குழுவும் பேரனின் படமும் இல்லாமல் போனதைத்தான் அவற்றை வைத்திருந்தவர்கள் கடைசியாகக் கண்டார்கள்.

இரவல் வாழவைத்த இடங்கள்

அப்படியென்றால் இரவல் என்றுமே உதவாதா? உதவிய இடங்களும் உண்டு. அவற்றைப் பார்த்தால்தான் பாடம் முழுமையாகும்.

கணினி விளையாட்டுகளை விற்கும் வால்வ் நிறுவனம், 2015-ல் லினக்ஸில் ஓடும் ஸ்டீம் மெஷின் என்ற கருவிகளைக் கொண்டுவந்தது. விளையாட்டு எழுதுபவர்கள் லினக்ஸுக்கு எழுதித் தருவார்கள் என்று நம்பியது. அவர்களில் பலர் எழுதவில்லை, கருவி தோற்றது. 2018-ல் வால்வ் வழியை மாற்றியது. விண்டோஸ் செயலிகளை லினக்ஸில் ஓட்ட 1993 முதல் தன்னார்வலர்கள் வளர்த்துவந்த ஒயின் என்ற திறமூல அடுக்கை எடுத்து, புரோட்டான் என்ற பெயரில் மெருகேற்றியது. 2022 பிப்ரவரியில் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவி, இந்த அடுக்கின் மேல்தான் ஆயிரக்கணக்கான விண்டோஸ் விளையாட்டுகளை ஓட்டுகிறது. அது நன்றாக விற்றது.

பிளாக்பெரி தோற்ற வழியில் வால்வ் வென்றதற்குக் காரணங்கள் தெளிவானவை. விளையாட்டுகளை விற்கும் கடை வால்வின் சொந்தக் கடை. வாங்கிய விளையாட்டுகள் ஏற்கெனவே வாடிக்கையாளரின் கணக்கில் இருந்தன. விளையாட்டு பெரும்பாலும் எழுதி முடிந்த பொருள். வாரந்தோறும் எதிராளியின் சேவையகத்தைக் கேட்டு நிற்பதில்லை. பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டுகளில், ஏமாற்றுவதைத் தடுக்கும் காவல் நிரல்கள் உள்ள சில இன்றும் அதில் ஓடாமல் இருப்பது இதே உண்மையின் மறுபக்கம். எல்லாவற்றுக்கும் மேலாக, பையில் போட்டுக்கொண்டு போகும் விளையாட்டுக் கணினி என்று வாங்குவதற்குத் தனியான காரணம் அந்தக் கருவியிடம் இருந்தது.

இன்னொன்று ஹுவாவே. 2019-ல் அமெரிக்கத் தடைக்குப் பிறகு அதன் புதிய போன்களுக்குக் கூகுள் சேவைகள் கிடைக்கவில்லை. 2021-ல் போன்களுக்கு வந்த அதன் ஹார்மனி தளம் ஆண்ட்ராய்டு செயலிகளை அப்படியே ஓட்டியது. அந்த இடைக்காலத்தில் சீனாவில் கோடிக்கணக்கானோர் கையில் தளம் போய்ச் சேர்ந்தது. ஆள் சேர்ந்தபின், 2024-ல் வந்த புதிய பதிப்பில் ஆண்ட்ராய்டு செயலிகளுக்கான வழியையே எடுத்துவிட்டது. அதற்குள் சீன நிறுவனங்கள் ஹார்மனிக்கென்றே எழுதத் தொடங்கியிருந்தன. உள்நாட்டில் கூகுள் சேவைகள் முன்பிருந்தே புழக்கத்தில் இல்லை என்பதால் அந்த வெற்றிடம் அங்கே யாரையும் உறுத்தவில்லை. ஹுவாவே பாலத்தை ஆற்றைக் கடக்க மட்டும் வைத்துக்கொண்டது. அதன் மேலேயே குடியிருக்க எண்ணவில்லை.

நம் நாட்டில் நடந்தவை

2014 ஆகஸ்டில் இன்டெக்ஸ் நிறுவனம் ஃபயர்ஃபாக்ஸ் இயங்குதளத்தில் கிளவுட் எஃப்எக்ஸ் என்ற போனை 1,999 ரூபாய்க்கு விற்றது. வலைப்பக்கம் எழுதத் தெரிந்த எவரும் அதற்குச் செயலி எழுதலாம். எண்ணம் உயர்ந்தது. ஆனால் வாட்ஸ்அப் நிறுவனம் தன் செயலியை அதற்குத் தரவில்லை. 2015 டிசம்பரில் மொசில்லா போன் முயற்சியை நிறுத்திக்கொண்டது. 2015 ஜனவரியில் சாம்சங் தன் டைசன் தளத்தின் முதல் போனான இசட்1-ஐ இந்தியாவில்தான் 5,700 ரூபாய்க்கு அறிமுகப்படுத்தியது. ஆண்ட்ராய்டு செயலிகளை ஓட்டும் அடுக்கு ஒன்றையும் டைசன் பயன்படுத்திக்கொண்டது. அடுத்தடுத்து மூன்று போன்கள் வந்தும் அந்த வரிசை நிலைக்கவில்லை. அதே விலைக்கு ஆண்ட்ராய்டு போனே கிடைத்தபோது இரவல் அடுக்கின் மேல் ஓடும் போனைத் தேடிப் போக வாங்குபவருக்குக் காரணம் இல்லை.

இதற்கு நேர்மாறாக நடந்தது ஜியோபோன். 2017-ல் 1,500 ரூபாய் வைப்புத்தொகைக்கு 4ஜி வசதியுள்ள பொத்தான் போனாக அது வந்தது. உள்ளே இருந்தது ஃபயர்ஃபாக்ஸ் தளத்தின் வழித்தோன்றலான கைஓஎஸ். தொடக்கத்தில் அதில் வாட்ஸ்அப் இல்லை. ஆண்ட்ராய்டு செயலியை ஓட்டும் அடுக்கும் இல்லை. ஆனால் அந்த விலைக்கு இணையமும் பேச்சும் வேறு எதிலும் கிடைக்கவில்லை. கோடிக்கணக்கில் விற்றது. 2018 செப்டம்பரில் வாட்ஸ்அப் நிறுவனம் தானே முன்வந்து, அந்தச் சிறிய திரைக்கும் பொத்தான்களுக்கும் ஏற்றபடி ஒரு தனிச் செயலியை எழுதித் தந்தது. ஆள் இருந்த இடத்துக்குச் செயலி தானாக வந்தது.

அந்தக் கதையின் பிற்பகுதியையும் சொல்லியாக வேண்டும். 2021-ல் ஜியோ புதிய போன் ஒன்றை ஆண்ட்ராய்டின் மேல் கட்டியது. 2024-ல் கைஓஎஸ் போன்களில் வாட்ஸ்அப்பைப் புதிதாக இறக்கிக்கொள்ளும் வழி நின்றது. ஒரு தளத்துக்கு முதல் நாள் வந்து சேர்ந்த செயலி கடைசி நாள் வரை இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. மக்கள் குறையும்போது முதலில் போவது அதைப் பேணுவதற்கான மனம்தான்.

சென்னையில் 2023 ஜனவரியில் அறிமுகமான பார்ஓஎஸ் வேறொரு வழியைத் தேர்ந்தெடுத்தது. ஐஐடி மெட்ராஸில் வளர்ந்த ஒரு நிறுவனம் உருவாக்கிய அந்தத் தளம், ஆண்ட்ராய்டின் திறமூல நிரல் மேலேயே கட்டப்பட்டது. சக்கரமும் தண்டவாளமும் ஒரே அகலம் என்பதால் செயலியைப் பெயர்க்கும் வேலையே அதற்குக் குறைவு. எந்தச் செயலியையும் முன்கூட்டியே திணிக்காமல், நிறுவனங்கள் தாங்கள் நம்பும் செயலிகளை மட்டும் தங்கள் தனிக் கடை வழியாகத் தரலாம் என்பதே அது முன்வைத்த காரணம். தரவு வெளியே கசியக் கூடாது என்று கவலைப்படும் அலுவலகத்துக்கு அது உண்மையான காரணம்தான். அந்தக் காரணம் எவ்வளவு பேருக்கு முக்கியமோ அவ்வளவு தூரம்தான் அது வளரும். ஓடும் செயலிகளின் எண்ணிக்கை அந்த எல்லையைத் தாண்டவைக்காது.

இத்தனை கதைகளையும் சேர்த்துப் பார்த்தால் விடை தெளிவாகிறது. வாங்குவதற்குத் தனக்கென்று ஒரு காரணம் வைத்திருக்கும் தளத்துக்கு, ஆள் சேரும்வரை இரவல் செயலி கைகொடுக்கும். காரணம் இல்லாத தளத்துக்கு அது, எதிராளியின் போனை வாங்கச் சொல்லும் விளம்பரமாகவே முடியும். பத்தாயிரம் செயலிகளைவிட, மக்கள் தினம் திறக்கும் பத்துச் செயலிகள் பழுதில்லாமல் ஓடுவது மேல். அந்தப் பத்தும் நாளையும் ஓடுவதற்கு யார் பொறுப்பு என்று முதலிலேயே தெரிந்திருக்க வேண்டும்.

படகில் இருக்கும் போன்

கேள்வியைத் தளத்தின் பக்கத்திலிருந்தே இவ்வளவு நேரம் பார்த்தோம். கடலோரத்திலிருந்து பார்த்தால் அதுவே வேறு மாதிரி தெரிகிறது.

தேவனாம்பட்டினம், தாழங்குடா, பரங்கிப்பேட்டை, முடசல் ஓடை போன்ற ஊர்களில் கடலுக்குப் போகிறவருக்குப் போனிடம் தேவைப்படுவது மிகச் சில விஷயங்கள்: அலை எவ்வளவு உயரம், காற்று எந்தப் பக்கம், மீன் எங்கே கூடும், எல்லைக்கோடு எவ்வளவு தூரத்தில். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமியையும் 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயலையும் கண்ட மாவட்டம் இது. இங்கே ஒரு முன்னறிவிப்பு கைக்கு வந்து சேர்வது உயிர் விஷயம்.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 2000-களின் பிற்பகுதியில் மீனவ நண்பன் என்ற பொருள்படும் ஃபிஷர் ஃப்ரெண்ட் செயலியை உருவாக்கத் தொடங்கியது. குவால்காம், டாடா டெலிசர்வீசஸ் ஆகியவற்றின் துணையோடு, அன்றைய சிடிஎம்ஏ போன்களில் இருந்த புரூ என்ற தளத்தில் அது முதலில் ஓடியது. ஹைதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் தரும் கடல் நிலை முன்னறிவிப்பையும் மீன் கிடைக்கக்கூடிய பகுதிகளையும் அது மீனவருக்குப் புரியும் மொழியில் கொண்டுசேர்த்தது.

பிறகு புரூ மறைந்தது. சிடிஎம்ஏ போன்கள் மறைந்தன. டாடாவின் கைபேசி வணிகம் 2019-ல் ஏர்டெல்லோடு இணைந்தது. ஃபிஷர் ஃப்ரெண்ட் மட்டும் மறையவில்லை. அதை ஆண்ட்ராய்டுக்குப் பெயர்த்து எழுதினார்கள். எல்லைக்கோட்டை நெருங்கும்போது எச்சரிப்பது, ஆபத்தில் உதவி கேட்பது என்று வசதிகள் கூடின. எந்தத் தளத்தில் பிறந்ததோ அந்தத் தளம் அழிந்தபின்னும் செயலி வாழ்கிறது. அது யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களின் தேவை அழியவில்லை; செயலியைப் பேணுவதற்கும் ஆட்கள் இருந்தார்கள்.

செயலியைப் பெயர்ப்பது எதற்காக என்பதற்கு இதைவிட நல்ல விடை எனக்குக் கிடைக்கவில்லை. பெயர்த்தல் செயலிகளைக் காப்பாற்றும். தளங்களைக் காப்பாற்றுவது அதன் வேலை இல்லை. தொய்ந்துகொண்டிருக்கும் தளத்தை நடத்துகிறவர்கள் எதிராளியின் கடையில் எத்தனை செயலிகள் என்று எண்ணிக்கொண்டிருப்பதை விட்டு, தங்களிடம் மிச்சமிருக்கும் மனிதர்களுக்கு எந்தச் சேவை இல்லாவிட்டால் அன்றாடம் ஓடாது என்று கேட்க வேண்டும். அந்தச் சேவையைத் தம் தளத்தில் வைத்திருக்க முடியாவிட்டால், அது வேறு தளத்துக்குப் பத்திரமாகப் போய்ச்சேர வழிசெய்வதும் அவர்கள் கடமைதான். சிதம்பரத்திலோ கடலூரிலோ இன்று கணினி படிக்கும் பிள்ளைகள், ஓடும் செயலியைப் புதிதாக எழுதுவதோடு, நின்றுபோகவிருக்கும் நல்ல செயலியை மற்றொரு தளத்தில் உயிர்ப்பிக்கும் கலையையும் கற்க வேண்டும். கடலோரத்துக்கு அது பெரிய கொடை.

2010-க்குள் மீட்டர் கேஜ் தண்டவாளம் போய்விட்டது. அதற்கென்று செய்த இன்ஜினும் பெட்டியும் போயின. விழுப்புரம், கடலூர், பரங்கிப்பேட்டை, சிதம்பரம் என்ற நிலையங்களின் வரிசையில் ஒன்றுகூட மாறவில்லை. வண்டி அதே ஊர்களில்தான் நிற்கிறது. அதே மக்கள்தான் ஏறி இறங்குகிறார்கள்.